தெரியவில்லை என்று ஒரு பதில்

தாம்பரத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார். கேம்ப் ரோடு முனையில் நின்றுகொண்டு இல்லாத ஒரு தெருவின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், நேராகப் போய் இடதுபக்கம் திரும்பு என்று கையை நீட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். செம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் இப்படிப் பலர் பேச்சைக் கேட்டு ஏரியையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவிலேயே நின்று அழுதிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு ஒரு கம்பெனிக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் அண்ணனின் தொழில் அதில்தான் போயிற்று. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரி இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒரே ஒரு தளம் எங்கள் கம்பெனி. நாங்கள் விற்கும் சரக்கு சின்னத் தொழிற்சாலைகளுக்கானது. ஒரு தொழிற்சாலையில் பல இயந்திரங்கள் இருக்கும். தண்ணீர் பம்ப் ஓடினால்தான் உலையைப் பற்றவைக்கலாம். உலை போதுமான சூட்டுக்கு வந்த பிறகுதான் உள்ளே சாமான் ஏற்றலாம். எது எதை நம்பி இருக்கிறது, எது முதலில், எது பிறகு, எதற்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதைப் படித்து வரிசைப்படி ஒவ்வொன்றையும் எழுப்பி, ஓட்டி, நிறுத்துவது எங்கள் ஃப்ரேம்வொர்க்கின் வேலை. பம்புக்கு ஒரு காம்போனன்ட், உலைக்கு ஒரு காம்போனன்ட் என்று தனித்தனித் துண்டுகளாக எழுதுவோம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழு எழுதும்.

யார் எழுதினாலும் சரி, ஃப்ரேம்வொர்க் கேட்கிற சில கேள்விகளுக்கு எல்லாக் காம்போனன்ட்டும் ஒரே மாதிரி பதில் சொல்லியாக வேண்டும். தயாராகு என்றால் தயாராக வேண்டும். ஓடு என்றால் ஓட வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் தன் நிலையைச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் எவை, இவற்றுக்கு என்னென்ன பதில்தான் வரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைத்தான் இன்டர்ஃபேஸ் வடிவமைப்பது என்கிறோம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு தடவை முடிவு செய்து வெளியே விட்டுவிட்டால் பிறகு கை வைப்பது பெரிய பேஜார். எல்லாக் குழுவும் அதை நம்பி எழுதி முடித்திருப்பார்கள், ஓர் எழுத்தை மாற்றினாலும் ஊரே சேர்ந்து திட்டும்.

அந்த வேலை என்னிடம் வந்தது. எத்தனையோ வருஷம் அடுத்தவர் எழுதியதை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தவளுக்கு முதல் தடவையாக அடியிலிருந்து யோசிக்கச் சொன்னார்கள். சந்தோஷத்தில் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் நாலு நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில், சமையலில், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது, எந்நேரமும் அதே நினைப்புதான்.

எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு நான் நான்கு பதில் வைத்தேன். ஓடுகிறது. நிற்கிறது. பழுது. தெரியவில்லை.

நான்காவது ஏன் என்று சொல்கிறேன். பம்ப் எங்கோ கிணற்றடியில் இருக்கிறது. பம்புக்கான காம்போனன்ட் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நடுவில் ஒரு கேபிள். அந்தக் கேபிள் அறுந்தால், பம்ப் ஓடுகிறதா நிற்கிறதா என்று காம்போனன்ட்டுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்? இதில் விவாதம் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ரெவ்யூ மீட்டிங்கில் எங்கள் டைரக்டர் அந்த வரியில் வந்து நின்றார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் நிறையச் சிரிப்பு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர், என் மகளின் கல்லூரி அட்மிஷனுக்காக எனக்காகப் பலரிடம் பேசியவர். அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர் தெரியாதுன்னு சொன்னா கஸ்டமர் நம்மள பத்தி என்ன நினைப்பான்?"

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். பிறகு வாதாடினேன்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தொழிற்பேட்டைகளில் நெட்வொர்க் கண் சிமிட்டுகிற மாதிரி போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் தெரியவில்லை, தெரியவில்லை என்று திரை அலறினால், மூன்றாம் நாளே கஸ்டமர் போனைப் போட்டு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார். தவிர, நான்காவதாக ஒரு பதில் வந்தால், அது வரும்போது என்ன செய்வது என்று எல்லாக் குழுவும் தனியாக யோசித்து எழுத வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? குழுத் தலைவர்கள் ஒருவர் விடாமல் டைரக்டர் பக்கம் சாய்ந்தார்கள். கடைசியில் அவரே சமரசம் சொன்னார். கேபிள் போய்விட்டால், கடைசியாக என்ன நிலை தெரிந்ததோ அதையே காட்டிக்கொண்டிருக்கட்டும். கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது என்றால் ஓடுகிறது என்றே சொல்லட்டும்.

எல்லாக் காம்போனன்ட்டும் பொதுவான ஒரு தாய்த் துண்டிலிருந்து பிறக்கிறவை. தாய்க்கு ஒரு குணத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தானாக வந்துவிடும், யாரும் தனித்தனியாக எழுத வேண்டாம். எங்கள் தொழிலில் இதை ஒரு பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வோம். கடைசியாகத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும் குணத்தை அப்படித் தாயிடம் வைத்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. பம்ப், உலை, கம்ப்ரசர், எதைக் கேட்டாலும் அதே பேச்சு.

சரி, குறைந்தது அந்தத் தகவல் எப்போது வந்தது என்று நேரத்தையாவது பக்கத்தில் போடுங்கள் என்று கெஞ்சினேன். திரையில் இடம் இல்லையாம். கம்பெனியின் சின்னத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தார்கள் தெரியுமா? அதற்கு இடம் இருந்தது.

நான் ஏன் தோற்றேன் என்று அடுத்த திங்கட்கிழமைதான் உறைத்தது. திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸில் எல்லாக் குழுவும் தங்கள் வேலைக்கு ஒரு நிறம் சொல்ல வேண்டும். பச்சை என்றால் நன்றாகப் போகிறது. சிவப்பு என்றால் சிக்கல். சிவப்பு சொன்னவன் அன்றைக்கு முழுக்க மீட்டிங் மீட்டிங்காக அலைந்து விளக்கம் சொல்லியே சாக வேண்டும். அதனால் எல்லாரும் பச்சைதான் சொல்வார்கள். போன வாரம் பச்சையாக இருந்ததா, இந்த வாரமும் பச்சை. நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தவன் எவன்? இந்தக் கூட்டம் எழுதுகிற காம்போனன்ட் மட்டும் வேறு மாதிரி பேசுமா என்ன, மண்ணாங்கட்டி.

எழுதி முடித்ததும் முதலில் எங்கே போட்டு ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார். உங்க அண்ணன் திருமுடிவாக்கத்துல யூனிட் வெச்சிருக்காரே, அங்கேயே போடலாமே, அவருக்கு இலவசம் என்றார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்காத ஒரே ஆள் அண்ணன்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, கண்டவர்களிடம் எல்லாம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஓர் உலை வைத்தார். வண்டிகளுக்குப் போகிற பல்சக்கரங்களை அதில் வேகவைத்து, எண்ணெயில் இறக்கி உறுதியாக்கிக் கொடுப்பார். சில்லறை சில்லறையாக வேலை எடுத்து எத்தனையோ வருஷம் ஓட்டியவருக்கு அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் கிடைத்திருந்தது. அந்த ஒரு ஆர்டர் நிலைத்தால் யூனிட் நிலைக்கும். போனால் யூனிட் போகும். இதை அண்ணி என்னிடம் அப்பட்டமாகவே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்றாகத்தான் டிபன் சாப்பிடப் போவோம், பல வருஷ வழக்கம். அங்கே வைத்து அண்ணனிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னேன். இதில் இப்படி ஒரு குறை இருக்கிறது, கேபிள் போனால் திரை சொல்லாது, திரையை மட்டும் நம்பாதீங்க, பம்ப் தண்ணீர் திரும்பி வந்து விழுகிறதா என்று ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றேன். அண்ணன் வடையைப் பிட்டுச் சாம்பாரில் போட்டுக்கொண்டே, நீ பண்ணதுன்னா எனக்கு என்ன பாப்பா பயம் என்றார். ஆனாலும் நான் சொன்னபடி ஓர் ஆளைக் கிணற்றடியில், தண்ணீர் திரும்பி விழும் இடத்தில் நிறுத்தி வைத்தார். என் பேச்சைத் தட்டவில்லை.

தட்டியது ஆர்டர் கொடுத்த கம்பெனி. அவர்களின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யூனிட்டைப் பார்வையிட வந்தார். ஆபீஸ் அறையில் பெரிய திரை, பம்ப் முதல் உலை வரை எல்லாம் பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பார்த்து மனுஷனுக்கு வாயெல்லாம் பல். இந்த மாதிரி சின்ன யூனிட்டில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று கை குலுக்கினாராம். பிறகு கிணற்றடியில் நிற்கும் ஆளைக் காட்டி, இவர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். திரை இருக்கும்போது ஆள் வைத்துப் பார்ப்பது பழைய முறை, இரண்டு முறை இருந்தால் குழப்பம் வரும், எடுத்துவிடுங்கள் என்றார். ஆர்டர் கொடுக்கிறவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்த ஆள் சாமான் ஏற்றும் இடத்துக்கு மாற்றப்பட்டார்.

மழைக்காலம் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் ஆபீஸில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அண்ணன் போன் செய்தார். குரலில் பதற்றம்கூட இல்லை, அதுதான் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"பாப்பா, ஸ்க்ரீன்ல பம்ப் ஓடுதுன்னு போட்ருக்கு. நான் பம்ப் பக்கத்துலதான் நிக்கறேன். ஓடல."

சுவரில் இருந்த மின்பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பம்பும் நின்றுவிட்டது, அதே பெட்டியில் இருந்த நெட்வொர்க் கருவியும் செத்துவிட்டது. இரண்டும் ஒரே நொடியில். பம்ப் நின்ற செய்தியைக் கொண்டுவர வேண்டிய கேபிளில் உயிர் இல்லை. காம்போனன்ட்டுக்குக் கடைசியாகத் தெரிந்தது ஓடுகிறது என்பதுதான், அதையே சொல்லிக்கொண்டிருந்தது. உலையின் தலையில் ஒரு பெரிய விசிறி சுற்றும். அதைத் தாங்குகிற பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது அந்தச் சூட்டைத் தாங்கும். தண்ணீர் நின்றதும் பேரிங் இறுகி, விசிறியின் தண்டு வளைந்து, உலை முழுவதுமாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணன் பம்பைப் பார்க்க ஓடியிருக்கிறார். உள்ளே இருந்த பல்சக்கரங்கள் எல்லாம் குப்பை. புதுத் தண்டு வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும்.

நான் ஆட்டோ பிடித்து ரேடியல் ரோடு நெரிசலில் மாட்டி, பல்லாவரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் உலையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். முன்பு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆள் என்னைப் பார்த்ததும், டிவில பச்சையாத்தான்க்கா கீது, நாங்க இன்னா பண்றது என்றார். நான் ஆபீஸ் அறைக்குள் போய்ப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய நாசத்துக்குப் பிறகும் வெட்கமே இல்லாமல் பம்ப் ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. திரையைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது.

மறுநாள் எங்கள் ஆபீஸில் ஆராய்ச்சி நடந்தது. காரணம் என்ன என்று கண்டுபிடித்தார்கள். கஸ்டமர் இடத்தில் நெட்வொர்க் கோளாறு. அவ்வளவுதான், கைகழுவியாயிற்று. நான் எழுந்து, தாய்த் துண்டின் பெயரைச் சொல்லி, வரியைச் சொல்லி, இந்த இடத்தில் நான்காவது பதில் இருந்திருந்தால் அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார், பேரிங் பிழைத்திருக்கும் என்றேன். டைரக்டர் மட்டும் மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பேசினார்.

"டெக்னிக்கலா பாத்தா அது பொய் சொல்லலைம்மா. கடைசியா தெரிஞ்சதைத்தானே சொல்லுச்சு."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஆர்டர் கொடுத்த கம்பெனி விளக்கம் கேட்டது. கோளாறு அண்ணனின் கவனக்குறைவால் இல்லை என்று தெரிந்தால், தண்டு வந்து உலை சரியாகும் வரை ஆர்டரை நிறுத்தி வைப்பார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதற்காக ஒரு வீடியோ காலுக்கு ஏற்பாடு ஆனது. அந்த அதிகாரி, அண்ணன், எங்கள் டைரக்டர், நான். நீங்க சும்மா உக்காந்திருங்க, நான் பாத்துக்கறேன் என்றார் டைரக்டர்.

அதிகாரி நேராகவே கேட்டார். பம்ப் நின்ற அந்த நேரத்தில், அது நின்றுவிட்டது என்று உங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரியுமா, தெரியாதா? டைரக்டர் பேச ஆரம்பித்தார். அப்பப்பா, என்ன பேச்சு. சிஸ்டம் வடிவமைத்தபடி சரியாக இயங்கியது, தகவல் தொடர்பு தடைப்பட்ட சூழலில் கடைசி நிலை பாதுகாக்கப்பட்டது, அப்படி இப்படி என்று வெண்ணெய் தடவிக்கொண்டே போனார். கேம்ப் ரோட்டில் எனக்கு வழி சொன்னவர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆளாக வந்து பேசுகிற மாதிரி இருந்தது. அதிகாரி மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். திரையின் ஒரு மூலையில் அண்ணனின் முகம் சின்னதாகத் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியாது சார்" என்றேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கு அதுல வழியே வைக்கல. தப்பு எங்களோடது. யூனிட்டோடது இல்ல."

டைரக்டர் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. இனிமேல் அண்ணன் பிழைத்தார் என்றுதான் நினைத்தேன். என்ன ஒரு முட்டாள்தனம்.

அதிகாரி அண்ணனிடம் திரும்பினார். அப்படியென்றால், பம்ப் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு சிஸ்டத்தை நம்பி உலையை ஓட்டியிருக்கிறீர்கள், அப்படித்தானே என்றார். கிணற்றடியில் நின்ற ஆளை எடுக்கச் சொன்னவரே அவர்தான். அண்ணன் அதைச் சொன்னார். அப்படி எழுத்தில் எங்கும் இல்லையே என்றார் அதிகாரி. பிறகு, இந்த மேடம் உங்களுக்கு என்ன உறவு என்று விசாரித்தார். தங்கை என்றதும் ஓ என்றார். அந்த ஓவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தங்கையின் கம்பெனியிலிருந்து அரைகுறைச் சரக்கை இலவசமாக வாங்கி மாட்டிக்கொண்ட ஆள் என்று அண்ணனுக்கு முத்திரை குத்திவிட்டார்கள். அடுத்த வாரமே ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போனது. தண்டு வந்து சேர்ந்தபோது அதை மாட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. யாரோ வந்து உலையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்படவில்லை. இன்றைக்கும் இல்லை. அதே கேள்வியை நாளைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் அண்ணி அப்படி நினைக்கவில்லை. உங்க டைரக்டர் எப்படியோ சமாளிச்சிட்டிருந்தாரு, நீ வாயைத் திறக்காம இருந்திருக்கலாம் என்று போனில் ஒரே ஒரு தடவை சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆராதனைக்குப் போக ஆரம்பித்தது. நாங்கள் எப்போதும் போல் இரண்டாவதற்குப் போகிறோம். நாங்கள் உள்ளே நுழையும்போது அவர்கள் வெளியே போய் வெகுநேரம் ஆகியிருக்கும். சண்டை என்று ஒன்றும் இல்லை. நேர மாற்றம்தான். கேட்டால் வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று காரணம் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. அண்ணன் எங்கோ வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று மட்டும் சர்ச்சில் யாரோ சொல்லிக் காதில் விழுந்தது.

எங்கள் கம்பெனியில் என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு என்றார், அந்தச் சிரிப்போடு. சில மாதம் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது. வேறொரு பெரிய கஸ்டமர், வெளிநாட்டுக்காரர், கேபிள் போனால் திரை என்ன காட்டும் என்று கேட்டுவிட்டாராம். உடனே இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டும், நான்காவதாக ஒரு நிலை வேண்டும். யாருக்கு இது நன்றாகத் தெரியும் என்று பார்த்து வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். நான் பயந்தபடியே எல்லாக் குழுவும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எழுதி முடித்தவற்றையெல்லாம் பிரித்து, தாயிடம் இருந்த குணத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு பிள்ளையாகத் திருத்தினோம். பெயர் மட்டும் நான் வைத்தது இல்லை. தெரியவில்லை என்று போடக் கூடாதாம். மீண்டும் இணைகிறது என்று போட்டு, மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். ஆண்டுவிழாவில் டைரக்டர் அதை மேடையில் காட்டியபோது கைதட்டினார்கள். எங்கள் அனுபவத்திலிருந்து பிறந்த வசதி என்றார். யாருடைய அனுபவம் என்று சொல்லவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பதிப்பைப் போட்டுக் கொடுக்க என்னைத் திருமுடிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். அண்ணனின் யூனிட் இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பெரிய யூனிட். வாசலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் அதே பல்சக்கரங்கள். அண்ணனிடமிருந்து போன ஆர்டர் இங்கேதான் வந்திருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆபீஸுக்கு என்ன சொல்வது? உள்ளே போனேன்.

முதலாளி இளைஞர், மரியாதையானவர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். எங்க ஃபர்னஸ் சூப்பர்வைசரைக் கூப்பிடறேன், அவர்கிட்டயே எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிடுங்க மேடம், ரொம்ப அனுபவசாலி, சொந்தமா யூனிட் நடத்தினவர் என்றார். நீல நிறச் சீருடையில் அண்ணன் உள்ளே வந்தார். சட்டைப் பையில் அந்த யூனிட்டின் பெயர் தைத்திருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், உடனே திரையைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று முதலாளிக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அண்ணன் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. தங்கை என்றதும் என்ன ஆகும் என்று அவர் ஒரு தடவை பார்த்துவிட்டவர்.

நான் என் வேலையைச் செய்தேன். பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று சொன்னேன். பிறகு பம்புக்குப் போகும் கேபிளைக் கையால் பிடுங்கிக் காட்டினேன். திரையில் பம்ப் மஞ்சளாக மாறியது. மீண்டும் இணைகிறது என்று வந்தது. முதலாளி ஆஹா என்றார். அண்ணன் அந்த மஞ்சளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி வந்தா நாங்க என்ன பண்ணணும், மேடம்?"

டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"பம்ப் ஓடுதா இல்லையான்னு அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம், சார். நேர்ல போய்ப் பாக்கணும்."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, என் அண்ணன் கிணற்றடிப் பக்கம் நடந்தார்.